தொட்டியில் குண்டுமல்லி: நாற்று வாங்குவது முதல் முழம் கட்டுவது வரை

மல்லிச் செடி வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு. "செடி நல்லா தழைச்சு நிக்குது, பூ மட்டும் வரமாட்டேங்குது." இதற்கு உரம் தேடி அலைவதைவிடக் கத்தரியைத் தேடி எடுப்பது நல்லது. குண்டுமல்லி பழைய கிளையில் பூக்காது. புதிதாகக் கிளம்பும் துளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும். துளிர் வேண்டுமென்றால் வெட்டியாக வேண்டும். ஆசையாக வளர்த்த செடியை வெட்ட யாருக்கும் மனசு வராது; அந்தத் தயக்கத்தைத் தாண்டிய ஆண்டிலிருந்துதான் செடி பூவாகக் கொட்டத் தொடங்கும். மற்ற வேலைகளும் முக்கியம்தான். ஆனால் வெயிலும் கவாத்தும் (கிளைகளை வெட்டிவிடுவது) சரியாக அமைந்துவிட்டால் மீதியில் ஏற்படும் சின்னச் சின்னத் தவறுகளைச் செடி பொறுத்துக்கொள்ளும்.

இந்த வழிகாட்டி மொட்டைமாடியிலோ பால்கனியிலோ தொட்டி வைத்து முதல்முறை மல்லி வளர்ப்பவர்களுக்கானது. தரையில் இடம் இருப்பவர்கள் 30 சென்டிமீட்டர் நீள, அகல, ஆழக் குழி எடுத்து, 10 கிலோ மக்கிய தொழு உரம் போட்டு, செடிக்குச் செடி நாலடி விட்டு நட்டால் போதும். மற்றபடி எல்லாம் ஒன்றேதான்.

எந்த மல்லி?

பூக்காரம்மா கூடையில் பார்ப்பதெல்லாம் ஒரே இனம் இல்லை. குண்டுமல்லி ஒரு செடி. மொட்டு உருண்டு, இதழ் தடித்து, வாசனை கனமாக இருக்கும். முல்லை வேறு செடி. மொட்டு ஒல்லியாக, கூர்மையாக இருக்கும். பிச்சி என்கிற ஜாதிமல்லி மூன்றாவது. அதன் மொட்டுக்கு வெளிப்புறம் இளஞ்சிவப்புப் பூச்சு இருப்பது இயல்பு. நட்சத்திர மல்லி என்றும் காக்கரட்டான் என்றும் விற்கும் நான்காவது இனத்துக்கு வாசனை குறைவு, ஆனால் மற்றவை ஓய்ந்திருக்கும் குளிர் மாதங்களிலும் பூக்கும். மூன்றாவது நான்காவது செடியாக எதை வாங்குவது என்று யோசிப்பவர்களுக்கு இது நல்ல தேர்வு. முல்லையில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஒரு ரகத்துக்குப் பாரிமுல்லை என்றே பெயர். தேரைக் கொடுத்தவனை அங்கேயும் மறக்கவில்லை.

முதல் செடிக்குக் குண்டுமல்லியே சரி. புதராக வளரும், பந்தல் கேட்காது, வெட்டினால் கோபிக்காது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் "மதுரை மல்லி நாற்று" என்று எல்லா ஊரிலும் விற்கத் தொடங்கினார்கள். அந்தக் குறியீடு மதுரையைச் சுற்றிய மண்ணில் விளையும் பூவுக்கானது. நாற்று பெரும்பாலும் ராமநாதபுரம் குண்டுமல்லி வகை. ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம் பகுதி நர்சரிகளிலிருந்துதான் பல மாவட்டங்களுக்கும் மல்லி நாற்று போகிறது. ஆகவே கடையில் கேட்க வேண்டிய சொல் "ராமநாதபுரம் குண்டுமல்லி". பக்கத்தில் இதழ் அடுக்கடுக்காக ரோஜா போல இருக்கும் அடுக்கு மல்லியும் நிற்கும். பார்க்க அழகு, ஆனால் சரத்துக்குத் தோதுப்படாது. பூத்திருக்கும் நேரத்தில் போய் வாங்கினால் இந்தக் குழப்பமே வராது.

உயரத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மூன்றடிக்கு ஒற்றைக் குச்சியாக நிற்கும் செடியைவிட, ஓரடி உயரத்தில் அடியிலிருந்தே மூன்று நான்கு கிளை பிரிந்த செடி மேல். இலையைத் திருப்பிப் பாருங்கள்; அடிப்புறம் வெள்ளைப் பஞ்சோ, நூலாம்படை போன்ற வலையோ இருந்தால் வைத்துவிடுங்கள். ஒரே செடி வாங்குவதைவிட மூன்றாக வாங்குவது நல்லது. காரணம் கடைசியில் முழம் கட்டும்போது தெரியும்.

இடம், தொட்டி, மண்

ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். நான்கு மணி நேரம் கிடைத்தால் ஓரளவு பூக்கும். அதற்கும் கீழே போனால் இலைதான். வெயில் படும் இடத்தை மனக்கணக்காக முடிவு செய்யாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, மதியம் மூன்று என மூன்று தடவை நிழலின் விளிம்பைச் சாக்பீஸால் தரையில் வரைந்து பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் தெற்குப் பக்கக் கைப்பிடிச் சுவரின் நிழல் மாடிக்குள் நீளும். கவாத்துக்குப் பிறகு துளிர் வரும் காலமும் அதுதான். அதனால் தெற்குச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம்.

தொட்டி 15 அங்குல அகலம், 15 அங்குல ஆழம் இருக்கட்டும். 12 அங்குலத்தில் இரண்டு வருடம் ஓட்டலாம், பிறகு வேர் சுருண்டு செடி திணறும். 15 அங்குலத் தொட்டி ஏறத்தாழ 40 லிட்டர் கொள்ளும். ஈர மண்ணோடு 50 கிலோவைத் தாண்டும். மூன்று தொட்டி என்றால் மாடிக்கு அது பாரம். நடுவில் குவிக்காமல், அடியில் சுவரோ தூணோ இருக்கும் ஓரமாகத் தள்ளித்தள்ளி வையுங்கள். தொட்டியை நேராகத் தளத்தில் வைக்காமல் மூன்று செங்கல் மேல் வைத்தால் தண்ணீர் தேங்காது, தளம் ஊறாது, சித்திரை வெயிலில் தரைச் சூடு வேருக்கு ஏறாது. அடித் துளை குறைந்தது நான்கு இருக்க வேண்டும், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு.

மண் கலவையைப் பாத்திரத்தால் அளந்து போடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்று மணல் அல்லது கோகோபீட் (தென்னை நார்த்தூள்) ஒரு பங்கு. பாரத்துக்கு அஞ்சுகிறவர்கள் கோகோபீட்டையே போடலாம். ஆனால் அதை இரண்டு தடவை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு சேர்க்க வேண்டும். அதில் தங்கியிருக்கும் உப்பு இளவேரைக் கருக்கிவிடும். ஒரு தொட்டிக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு, 50 கிராம் எலும்புத்தூள், வேர் அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி தூள் ஒரு மேசைக்கரண்டி. எல்லாம் கலந்து, லேசாக ஈரப்படுத்தி, பத்து நாள் சாக்குப் போட்டு மூடி நிழலில் வையுங்கள். புண்ணாக்கு புளித்துச் சூடு கிளம்பும். அந்தச் சூடு அடங்கிய பிறகுதான் செடி வைக்க வேண்டும். வாங்கிய அன்றே கலந்து அன்றே நட்டு, ஒரு வாரத்தில் செடி வாடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கலவை சரிதானா என்று கையாலேயே பார்க்கலாம். ஒரு பிடி ஈரக் கலவையை அழுத்திப் பிடித்துக் கையைத் திறங்கள். கொழுக்கட்டையாக நின்று, விரலால் தட்டியதும் உடைந்தால் சரி. பிடித்தபடியே நின்றால் களி அதிகம். திறந்ததும் உதிர்ந்தால் மணல் அதிகம்.

நடவு

ஆடியும் ஆவணியும் நடுவதற்கு நல்ல மாதங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை எப்போதும் நடலாம். கத்திரி வெயிலில் மட்டும் வேண்டாம்.

நாற்றின் பாலிதீன் பையைக் கிழித்ததும் வேர்க்கட்டியை அழுத்திப் பாருங்கள். வெளியூரிலிருந்து லாரியில் வரும் செடிகள் பல, களிமண் உருண்டைக்குள் வேரைப் பொதிந்து வருபவை. காய்ந்தால் அந்த உருண்டை கல்லாகிவிடும். அப்படியே தொட்டிக்குள் வைத்தால், ஊற்றும் தண்ணீர் சுற்றியிருக்கும் பொலபொலப்பான மண்ணில் இறங்கி வெளியேறிவிடும். உருண்டைக்குள் ஒரு சொட்டும் போகாது. மேல் மண் ஈரமாக இருக்கும், செடி தாகத்தில் சாகும். பார்ப்பவர்களுக்குக் காரணமே புரியாது. அதனால் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வையுங்கள். குமிழ் வருவது நின்ற பிறகு எடுத்து, வெளிப்புறக் களியைக் கட்டைவிரலால் மெல்ல வழித்துவிடுங்கள். வெள்ளை வேர் நுனிகள் வெளியே தெரிந்தால் போதும். மொத்தமாகக் கழுவ வேண்டாம்.

பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் நடுங்கள். தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அடித்தண்டு அழுகும். தொட்டியின் விளிம்புக்குக் கீழே இரண்டு அங்குலம் காலியாக இருக்கட்டும், தண்ணீர் நிற்க இடம் வேண்டும். நட்டதும் அடித் துளை வழியே வடியும்வரை ஊற்றி, ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு காலை வெயில், அடுத்த வாரம் முழு வெயில் என்று பழக்குங்கள்.

முதல் மூன்று மாதம் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சத்து வேருக்கும் கிளைக்கும் போனால்தான் அடுத்த கோடையில் புதர் கட்டும். கூடவே, ஒவ்வொரு கிளையும் அரையடி நீண்டதும் நுனியைக் கிள்ளுங்கள். ஒரு நுனி போன இடத்தில் இரண்டு துளிர் வரும், இரண்டு நான்காகும். பூ வருவது நுனியில் என்பதால், கிளையின் எண்ணிக்கைதான் பூவின் எண்ணிக்கை.

தண்ணீர்

தினமும் ஒரு செம்பு என்று கடமைக்கு ஊற்றுவது மல்லிக்கு ஆகாது. விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஊற்றினால் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள். 15 அங்குலத் தொட்டிக்கு இது மூன்று, நான்கு லிட்டர் வரும். கோடையில் தினமும், ஐப்பசி கார்த்திகை மழையில் வாரக் கணக்கில் தேவையே இல்லாமலும் போகலாம். மேலோட்டமாகத் தினமும் நனைத்தால் வேர் மேலேயே பரவி, ஒருநாள் வெளியூர் போனாலும் செடி தொங்கிவிடும்.

போர்வெல் உப்புத் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருப்பதைப் பார்க்கலாம். சில மாதத்தில் புதுத் துளிர் மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருக்கிறது, காரத்தன்மையால் வேர் அதை எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். நாட்டு மருந்துக் கடையிலும் உரக் கடையிலும் கிடைக்கும் அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, சாயங்காலத்தில் இலைமேல் தெளியுங்கள். பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை. கரைத்த உடனே தெளிக்க வேண்டும். வைத்திருந்தால் துரு நிறமாகிப் பயனற்றுப் போகும். மழைக்காலத்தில் தொட்டிகளை வெட்டவெளியில் விட்டால் மழையே உப்பைக் கழுவிவிடும். குடிநீர் சுத்திகரிக்கும் கருவியின் கழிவுத் தண்ணீரை மல்லிக்கு ஊற்றாதீர்கள். அது உப்பு இன்னும் கூடிய தண்ணீர்.

உரம்

வயலில் குண்டுமல்லிக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு செடிக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம். தொட்டிக்கு இந்த அளவு வேண்டாம், ஆனால் அந்த விகிதத்தைக் கவனியுங்கள்: தழைச்சத்தைப் போல மற்ற இரண்டும் இரட்டிப்பு. யூரியாவும் பச்சைச் சாணியும் மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் செடி கரும்பச்சையாக, கணு அகன்று, கொடி கொடியாக ஓடும். அந்தக் கொடி ஒன்றில்கூட மொட்டு இருக்காது. அப்படி ஓடுவதை அடியிலிருந்து இரண்டு கணு விட்டு வெட்டிவிட்டு, ஒரு மாதம் எந்த உரமும் கொடுக்காமல் இருங்கள்.

வழக்கமான ஊட்டத்துக்கு மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம். பூக்கும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப்புண்ணாக்குத் தண்ணீர்: 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததைப் பத்து லிட்டராக்கி, செடிக்கு ஒரு லிட்டர். அடியில் தங்கும் சக்கையைத் தொட்டியில் போட்டால் எறும்பும் எலியும் வரும். பஞ்சகவ்யம் கிடைத்தால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து மாதம் இருமுறை இலைவழியாகத் தெளிக்கலாம். அடுப்புச் சாம்பல் நல்லதுதான், ஆனால் உப்புத் தண்ணீர் ஊற்றும் வீட்டில் அது காரத்தைக் கூட்டும், அங்கே தவிர்த்துவிடுங்கள்.

கவாத்து

இரண்டு வகை வெட்டு உண்டு. முதலாவது சின்ன வெட்டு, பூக்கும் காலம் முழுக்க நடப்பது. குண்டுமல்லி பெரும்பாலும் மூன்று மூன்றாக மொட்டு விடும். நடு மொட்டு முதலில் பெருக்கும், பக்கத்து இரண்டும் பின்னால் வரும். மூன்றும் பறித்து முடிந்த நுனியை அப்படியே விட்டால் அது சும்மா நிற்கும். பூத்த இடத்துக்குக் கீழே இரண்டு கணு தள்ளி வெட்டினால் அந்தக் கணுக்களிலிருந்து ஜோடித் துளிர் வந்து, நான்கிலிருந்து ஆறு வாரத்தில் மறுபடி அரும்பு கட்டும். பங்குனியிலிருந்து ஆவணி வரை இந்தச் சின்ன வெட்டை விடாமல் செய்தால் ஒரு ஈடு முடிய அடுத்த ஈடு தயாராக இருக்கும்.

இரண்டாவது பெரிய கவாத்து, வருடத்துக்கு ஒருமுறை. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம். பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. கடலோர மாவட்டங்களில் அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டால் டிசம்பர் இரண்டாம் வாரம் வரை தள்ளிப் போடலாம். வெட்டிய காயம் காய மூன்று நாள் வெயில் வேண்டும். முதல் வருடச் செடிக்குப் பெரிய கவாத்து வேண்டாம், நுனி கிள்ளலே போதும்.

நான்கு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். கத்தரியின் வாயை ஸ்பிரிட்டால் துடையுங்கள். முதலில் காய்ந்த குச்சி, உள்நோக்கி வளரும் கிளை, தீக்குச்சி அளவு மெலிந்தவை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் தடித்த கிளைகளை மண்ணிலிருந்து ஒன்றேகால் அடி உயரத்தில் வெட்டுங்கள். தரைச் செடியானால் 50 சென்டிமீட்டர். வெட்டு சாய்வாக, கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். உயர விட்டால் மேல்துண்டு காய்ந்து, அந்தக் காய்வு கீழே இறங்கும். விரல் தடிமனுக்கு மேல் உள்ள வெட்டுகளில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் கூழாகக் குழைத்துப் பூசுங்கள்.

அடுத்தது பலரும் செய்யத் தவறுவது: மீந்திருக்கும் இலைகளை எல்லாம் உருவுவது. ஒவ்வொரு இலையின் காம்புக்கும் தண்டுக்கும் இடையே கடுகளவு ஒரு துளிர்க்கண் இருக்கிறது. இலையைக் கீழ்நோக்கி இழுத்தால் தோலோடு அந்தக் கண்ணும் கிழிந்து வரும். இலையைப் பிடித்து மேல்நோக்கி, வெளிப்புறமாக மடக்கினால் காம்பு மட்டும் சுத்தமாகக் கழன்றுவிடும். முடித்துவிட்டுப் பார்த்தால் தொட்டியில் நாலைந்து மொட்டைக் குச்சிகள்தான் நிற்கும். வீட்டில் எல்லாரும் வந்து பார்த்து "செடியைக் கொன்னுட்டீங்களே" என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேல் மண்ணை இரண்டு அங்குலம் கிளறி எடுத்துவிட்டு, அரை கிலோ மண்புழு உரம், 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு, 50 கிராம் எலும்புத்தூள் கலந்த புது மண்ணைப் போட்டு, நிறையத் தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குச்சியெங்கும் சிவப்பு கலந்த பச்சையில் ஊசிமுனைத் துளிர் கிளம்பும். மாசிக் கடைசியில் முதல் அரும்பு. தினமும் காலையில் காபியோடு போய் அந்தக் குச்சியை உற்றுப் பார்ப்பதில் இருக்கும் சுகத்துக்கு ஈடு கிடையாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை இதே சமயத்தில் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, சுற்றிலும் ஒரு அங்குலம் வேரைச் சீவி, புது மண்ணில் திருப்பி வையுங்கள்.

வெட்டிய குச்சிகளைத் தூக்கி எறிய வேண்டாம். பென்சில் தடிமனில், மூன்று நான்கு கணு உள்ள அரை முற்றலான துண்டுகளை அரையடி நீளத்துக்கு நறுக்கி, அடி இலை எடுத்து, பாதி நீளம் மணலும் கோகோபீட்டும் சம அளவு கலந்த பைகளில் செருகி நிழலில் வையுங்கள். மழைக்கால ஈரத்தில் நட்டால் இன்னும் எளிதாகப் பிடிக்கும். ஒன்றரை இரண்டு மாதத்தில் வேர் விடும். துளிர் வந்ததை வைத்து வேர் வந்துவிட்டதாக நம்பி இழுத்துப் பார்க்கக் கூடாது, குச்சியில் இருக்கும் சத்திலேயே துளிர் வரும். எல்லாம் பிடிக்காது. பத்து வைத்து நாலைந்து வந்தால் அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம்.

பூச்சியும் நோயும்

மொட்டு பெருக்காமல் ஊதாவும் சிவப்புமாக நிறம் மாறி உதிர்ந்தால் அது மொட்டு ஈ. ஒன்றைக் கிள்ளிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே மிகச் சிறிய வெளிர்ப் புழுக்கள் நெளியும். இவை கீழே விழுந்து மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகும். ஆகவே மருந்தைவிடப் பெரிய வைத்தியம், உதிர்ந்த மொட்டைத் தினமும் பொறுக்கி மூடிய பையில் கட்டிப் போடுவதும், மாதம் ஒருமுறை மேல் மண்ணைக் கிளறி ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு போடுவதும்தான். மொட்டில் ஓட்டை இருந்து, பக்கத்து மொட்டுகள் நூலால் பிணைந்திருந்தால் மொட்டுப்புழு. பச்சை உடல், கருந்தலை. கொத்தோடு கிள்ளி நசுக்குங்கள். இரண்டுக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், இரண்டு மில்லி காதி சோப்புக் கரைசல் சேர்த்து வாரம் ஒருமுறை சாயங்காலம் தெளிக்கலாம்.

கோடையில் இலை மேற்புறம் வெளிறிய புள்ளி விழுந்து, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். இது வறட்சியில் பெருகும். குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்புறம் படும்படி மூன்று நாளுக்கு ஒருமுறை வேகமாக அடித்தாலே பாதி போய்விடும். மீறினால் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் தாழ்ந்த பிறகு. வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் தெளித்தால் இலை கருகும். எதைத் தெளித்தாலும் அடுத்த சில நாள் பூவைத் தலையில் வைக்கவோ குழந்தைகள் கையில் கொடுக்கவோ வேண்டாம்.

மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் வேர் அழுகல். முதலில் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள், அடைப்பை எடுங்கள். காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு இரண்டரை கிராம் கரைத்து வேர் நனைய ஊற்றி, மண் காயும்வரை தண்ணீர் விடாதீர்கள். தண்ணீரும் உரமும் சரியாக இருந்தும் செடி குறுகிக்கொண்டே போனால் வேரில் முடிச்சு முடிச்சாக நூற்புழு இருக்கலாம். வேப்பம்புண்ணாக்கோடு, தொட்டி ஓரத்தில் குட்டைச் செண்டுமல்லி இரண்டு வைத்தால் கட்டுப்படும்.

பறிப்பதும் கட்டுவதும்

மல்லி பூவாக மலர்ந்த பிறகு பறிப்பதில்லை, மொட்டாகவே பறிக்க வேண்டும், அதுவும் விடிகாலையில். அன்று இரவு அவிழப்போகும் மொட்டை அடையாளம் காண்பதுதான் கைவேலை. அது பால் வெள்ளையாக, பருத்து, குழல் நீண்டிருக்கும். நாளைய மொட்டு சற்றுச் சின்னதாக, நுனியில் இன்னும் பச்சை ஓடியபடி இருக்கும். அதைப் பறித்தால் அவிழாது, வாசமும் வராது, அப்படியே வாடும். பறிக்கும்போது அடியிலுள்ள பச்சைப் புல்லியோடு, காம்பும் சேரக் கிள்ளுங்கள். வெள்ளையை மட்டும் உருவினால் கட்ட முடியாது. கழுவ வேண்டாம். ஈரத் துணியிலோ வாழையிலையிலோ சுற்றி வையுங்கள்.

நெருக்கமாகக் கட்டினால் ஒரு முழத்துக்கு நூறு மொட்டுக்கு மேல் வேண்டும். ஒரு தொட்டிச் செடி ஒரே நாளில் அவ்வளவு தருவது அரிது. மூன்று செடி வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

வாழைநாரைக் கால் மணி நேரம் ஊறவைத்து மெல்லியதாகக் கிழித்துக்கொள்ளுங்கள். நாரின் ஒரு முனையை இடது கையில் பிடித்து, அதன்மேல் இரண்டு மொட்டைத் தலை இடப்பக்கம் பார்க்க வையுங்கள். அவற்றின் காம்புமேல் காம்பு படும்படி இன்னும் இரண்டைத் தலை வலப்பக்கம் பார்க்க வையுங்கள். நாரின் நீளப் பக்கத்தால் நான்கு காம்பையும் ஒரு சுற்றுச் சுற்றி, அதே நாரில் ஒரு வளையம் திருகி, காம்புகளுக்கு மேலே மாட்டி இழுங்கள். இழுப்பில்தான் சூட்சுமம்: காம்பு லேசாக அமுங்க வேண்டும், அறுபடக் கூடாது. தளர்ந்தால் மொட்டு நழுவும், இறுகினால் கழுத்தறுந்து கொட்டும். முதல் பத்து முடிச்சு கோணலாகத்தான் வரும். அடுத்த நான்கை முந்தைய மொட்டுகளின் தலையை ஒட்டி வைத்துக்கொண்டே போங்கள். இடைவெளி விட்டால் மாலையில் மலர்ந்த பிறகும் நார் தெரியும். கடைசி முடிச்சை இரட்டையாகப் போட்டு, இரண்டு விரற்கடை நார் விட்டு அறுங்கள். சாமி படத்துக்குச் சாத்தவும், பின்னலில் செருகவும் அந்த வால்தான் பிடி.